கிழங்கானின் தரை: எண்ணூர்க் கழிமுகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கிழங்கான் மிரண்டால் மணலுக்குள் புதையும். கரைவலை நெருங்கும்போது மற்ற மீன்கள் துள்ளும், வலையின் ஓரம் தேடி அலையும். கிழங்கான் மூக்கை மணலில் குத்தி உள்ளே போய்விடும். வலையின் அடிக்கயிறு அதன் மேலாக உருண்டு போனால் பிழைத்தது. இது தெரிந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் காலால் தடவிக்கொண்டே நடப்பார்கள். பாதத்துக்கு அடியில் ஏதாவது நெளிந்தால் குனிந்து பிடிப்பார்கள்.

இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்துக்கு நேர்ந்ததைப் பார்க்க முயல்கிறேன். எண்ணூரைப் பற்றிப் பேசும்போது தண்ணீரின் நிறம், தண்ணீரின் நாற்றம், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் என்று தண்ணீரைப் பற்றியே பேசிவிடுகிறோம். தரையில் வாழும் மீனுக்குத் தண்ணீர் பாதி வீடுதான். மீதிப் பாதி அதன் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. எண்ணூரில் முதலில் பறிபோனதும், இன்றுவரை சரியாகக் கணக்கில் வராததும் அந்தக் கீழ்ப் பாதி என்பதே என் கருத்து.

முதலில் மீன். அறிவியலில் இதன் பெயர் சில்லாகோ சிஹாமா. செங்கடலில் கிடைத்த மீனை வைத்து 1775-ல் வெளியான விவரிப்பு இதற்கு முதல் பதிவு. செங்கடல், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை தொடங்கி மேற்குப் பசிபிக் வரை மணல் கரைகளில் இருக்கிறது. நம் கரையில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என எங்கும் பழக்கமான மீன். நீண்டு உருண்ட உடல், கூர்ந்த மூக்கு, முதுகில் மணல் நிறம், விலாவில் வெள்ளி. ஒரு சாண் நீளம் இருந்தால் நல்ல மீன். சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். முள் தொல்லை குறைவு. உடம்பு சரியில்லாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் குழம்பு வைத்துக் கொடுக்கிற மீன் என்று கடலோரத்தில் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு.

இதன் வாய் சின்னது, ஆனால் கீழ்நோக்கிக் குழாய் போல நீளும். அதை மணலில் வைத்து உறிஞ்சும். உள்ளே இருக்கும் பல்சுணைப் புழுக்கள் (உடலின் இருபுறமும் சுணை கொண்ட கடற்புழுக்கள்), சிறு இறால்கள், குட்டி நண்டுகள் எல்லாம் மணலோடு சேர்ந்து வரும். பழவேற்காட்டு ஏரியின் கிழங்கானை வெட்டிக் குடலைப் பார்த்த ஆய்வு 1969-லேயே வெளிவந்திருக்கிறது. மண்டபம் பகுதிக் கிழங்கானின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பற்றிய ஆய்வு அதற்கும் முந்தியது, 1957. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய மீனல்ல இது. என்ன தின்னும், எங்கே இருக்கும் என்பதெல்லாம் இரண்டு தலைமுறையாகத் தெரிந்ததுதான்.

ஆக, இதற்கு மணலால் இரண்டு வேலைகள் ஆக வேண்டும். ஒன்று, குத்தினால் விலகிக்கொடுத்து உள்ளே விட வேண்டும். இன்னொன்று, புழுவை வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை மணலின் பொருள் மட்டுமல்ல, மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அந்த இடைவெளிகளுக்குள் தண்ணீர் புகுந்து வெளியேறும். அதோடு உயிர்க்காற்றும், அதாவது ஆக்சிஜனும், உள்ளே போகும். நல்ல மணல் தரையைத் தோண்டினால் சில விரல்கடை ஆழத்துக்கு வெளிர்நிறமாக இருக்கும், அப்புறம்தான் கறுக்கும். இடைவெளி அடைபட்ட தரையில் மேல்தோலைக் கீறினாலே கறுப்பு வந்துவிடும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. அதற்குக் கீழே உயிர்க்காற்று இல்லை என்று அர்த்தம். கருவி இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது.

இனி இடம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர். பக்கிங்காம் கால்வாய் இங்கே குறுக்கே வந்து சேர்கிறது. வடக்கே போனால் அது பழவேற்காட்டு ஏரியைத் தொடும். ஆற்று நீர், கடல் நீர், ஏரி நீர் மூன்றும் கைகோத்துக்கொள்கிற இடம். அலையாத்திகள், உப்பளங்கள், சேற்றுத் திட்டுகள், மணல் திட்டுகள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருந்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்கள் கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே தொழில் பார்த்து வாழ்ந்தவை. இருளர்கள் வலையே இல்லாமல், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தார்கள். அவர்களுக்குத் தரை எப்படி இருக்கிறது என்று யாரும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. பத்து விரலும் தினமும் அதன்மேல்தான் இருந்தன.

இந்தத் தரைக்கு மணல் வந்த வழிகள் தொழிற்சாலைகளுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. 1944-ல் சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலைக்குக் குறுக்கே எழுந்தது. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, அதோடு உருண்டு வரும் மணலையும் நிறுத்துகிறது. கடல் பக்கத்திலும் இதே கதை. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. அதாவது, பின்னால் வந்த சாம்பல் ஏற்கெனவே இளைத்திருந்த ஒரு தரையின் மேல்தான் விழுந்தது.

சாம்பல்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது, 450 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவில் 630 மெகாவாட்டோடு வந்தது, பின்னர் இரண்டாம் கட்டமாக 1,200 மெகாவாட் சேர்ந்தது. வல்லூரில் 1,500 மெகாவாட். எல்லாம் இந்தக் கழிமுகத்தைச் சுற்றி. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம்: 100 டன் எரித்தால் ஏறத்தாழ 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். வடசென்னை நிலையத்தின் குட்டை செப்பாக்கம் பக்கம் இருக்கிறது. குழாய்கள் போகும் வழியில் ஆறு இருக்கிறது. குழாய் துருப்பிடிக்கும், மூட்டு விடும், குழம்பு கசியும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் கசிந்தது. ஆறு தூர்ந்து ஆழம் குறைந்தது. படகு தரைதட்டும் இடங்களில் இறங்கினால் கால் வைப்பது ஆற்று மணலில் அல்ல, சாம்பலில்.

சாம்பல் என்றதும் நஞ்சைத்தான் முதலில் நினைக்கிறோம். ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் அதில் உண்டு, அது பொய்யல்ல. ஆனால் கிழங்கானைப் பொறுத்தவரை நஞ்சு வேலை செய்யத் தொடங்கும் முன்பே சாம்பலின் பருமன் வேலையை முடித்துவிடுகிறது. மணல் மணி என்பது ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை. அனல்மின் நிலையச் சாம்பலின் துகளில் பெரும்பகுதி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. உருண்டையான, கண்ணாடித்தன்மை கொண்ட பொடி. மணல் மணிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை நிரப்புவதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் இறுகும் குணமும் அதற்கு உண்டு. சிமென்டில் கலப்பது அதனால்தான்.

இப்படி ஒரு தரையில் கிழங்கான் மூக்கைக் குத்தினால் என்ன ஆகும்? மேலே தளர்வாக இருக்கும் இடத்தில் பொடி கிளம்பிச் செவுளில் படியும். இறுகின இடத்தில் மூக்கு உள்ளே போகாது. உறிஞ்சினால் புழு வருவதும் குறைவு, ஏனென்றால் உயிர்க்காற்று இறங்காத தரையில் கொழுத்த, ஆழத்தில் வளையமைக்கும் புழுக்கள் நிலைக்காது. மாசைத் தாங்கும் நூல்போன்ற சிறு புழுக்கள் மேல்தோலில் பெருகும். எண்ணிக்கையைப் பார்த்தால் புழு நிறைய இருப்பது போலவே தெரியும். மீனின் வயிற்றுக்குக் கணக்கு எடையில்தான். இதோடு, மின்நிலையங்கள் குளிர்விக்கப் பயன்படுத்திய வெந்நீரும் கழிமுகத்துக்கே வருகிறது. சூடான நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். மேலே சூடு, கீழே அடைப்பு.

சாம்பலை வீணாக்காமல் செங்கல், சிமென்ட், சாலை என்று பயன்படுத்தியே தீர்க்க வேண்டும் என ஒன்றிய அரசு முதன்முதலில் அறிவிக்கை வெளியிட்டது 1999-ல். சாம்பல் மாசை எதிர்த்து எண்ணூர் மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. இடைப்பட்ட 23 ஆண்டுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. குழாயை மாற்றுவது விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல.

எண்ணெய்

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. இளைஞர்கள் வாளி வாளியாகக் கரையில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் வந்தது. இந்த முறை கடலில் அல்ல, வீட்டு வாசலில். படகு, வலை, அலையாத்தியின் வேர், கூழைக்கடாவின் இறகு என எல்லாவற்றிலும் கறுப்பு. மறுபடியும் வாளிதான்.

மிதந்த எண்ணெயை அள்ளிய பிறகு படலம் மெலிந்து, தண்ணீர் மறுபடி தண்ணீர் போலத் தெரிந்தது. அள்ளாமல் விட்ட எண்ணெய் எங்கே போகும்? வெள்ளநீரில் எப்போதும் வண்டல் மிதக்கும். கனமான எண்ணெய் அந்த வண்டலோடு ஒட்டிக்கொண்டு எடை கூடி அடியில் உட்காரும். சாம்பல் அடைத்த, காற்றோட்டமில்லாத தரையில் அது மட்குவதும் மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களில் வேகமானவற்றுக்கு உயிர்க்காற்று வேண்டும். மேலே நீந்தும் மடவை வேறு பக்கம் போய்விடலாம். அடியில் உறிஞ்சித் தின்னும் மீனுக்கு ஒவ்வொரு வாய் உணவும் அந்த வண்டலோடுதான் வரும்.

காக்கா ஆழி

எண்ணூரின் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். கடந்த சில ஆண்டுகளாக எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கமும் கறுப்புநிறச் சிறு ஆழி (இரண்டு ஓடு கொண்ட சிப்பி வகை) ஒன்று தரையெங்கும் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இது நம் ஊர்ப் பச்சை ஆழி அல்ல. மைட்டெல்லா என்ற பேரினம், அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்தது. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, அப்புறம் கேரளக் காயல்கள் என்று துறைமுகங்களை ஒட்டிப் பரவி வந்திருக்கிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரும், கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வருவதும் இதற்கான வழிகள்.

பச்சை ஆழிக்கு ஒட்டிக்கொள்ளப் பாறையோ கட்டையோ வேண்டும். காக்கா ஆழிக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. நூலிழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சேற்றின் மேலேயே பாய் விரித்தது போல வளரும். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், சீக்கிரம் முட்டையிடும் பருவத்துக்கு வரும். பாய்க்குக் கீழே அதன் கழிவு சேர்ந்து சேறு நாறும். மட்டி மூச்சுமுட்டும். இறால் புதைய இடமிருக்காது. இருளர் கை வைத்தால் ஓட்டின் விளிம்பு கிழிக்கும்.

இதிலே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ஆழிகள் தண்ணீரை வடிகட்டுகின்றன. ஒவ்வொன்றும் நாளெல்லாம் நீரை உறிஞ்சி, மிதக்கும் துகளைப் பிடித்துத் தின்று, தெளிந்த நீரை வெளியேவிடுகிறது. அப்படியானால் மாசுபட்ட கழிமுகத்துக்கு நல்லதுதானே? தண்ணீரை மட்டும் குப்பியில் பிடித்துச் சோதித்தால் ஆமாம் என்றுதான் வரும். கலங்கல் குறையும், பார்வைக்கு ஆறு தேறியது போல இருக்கும். அதே நேரம் கிழங்கானுக்கு அங்கே ஒரு விரல்கடை மணல்கூட மிஞ்சியிருக்காது. தெளிந்த தண்ணீருக்கு அடியில் பூட்டிய வீடு. தண்ணீரை வைத்து மட்டும் ஒரு கழிமுகத்தின் நலத்தை எடைபோடுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆழி விவகாரமும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யார் அகற்றுவது, யார் செலவு ஏற்பது என்பது நீர்வளத் துறைக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான பேச்சானது. பேச்சு நடக்கும் காலத்தில் ஆழி சும்மா இருப்பதில்லை.

சிறியதாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குப் பல்சுணைப் புழு சிறந்த தீனி. அதற்காக இந்தக் கரையோரத்துச் சேற்றைத் தோண்டிப் புழு எடுக்கும் தொழில் நடக்கிறது, தடையை மீறியும் நடக்கிறது. வேறு வழியில்லாதவர்கள் செய்கிற வேலை அது. அவர்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டால் வழக்கு முடிந்ததாகாது. ஆனால் நல்ல தரை மிஞ்சியிருக்கும் கொஞ்ச இடங்களைத்தான் புழுவுக்காகவும் தோண்டுவார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

என்ன செய்யலாம்

தூர்வார வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். எனக்கும் உடன்பாடுதான், ஆனால் எப்படி என்பதில் கேள்வி இருக்கிறது. இயந்திரத்தை இறக்கி ஒரேயடியாக ஆழப்படுத்தினால் ஆழம் கிடைக்கும். படகு போகும், வெள்ளம் வடியும். கிளம்பும் சாம்பல் மற்ற திட்டுகளில் போய் உட்காரும். ஆழமான கால்வாய் ஒன்று கிடைக்கும், ஆனால் கிழங்கான் குஞ்சுக்கு வேண்டியது முழங்கால் அளவு தண்ணீருக்குக் கீழே ஆழமில்லாத மணல் திட்டு. வழக்கமான தூர்வாரலில் முதலில் காணாமல் போவது அதுதான். காக்கா ஆழியை அள்ளுவதிலும் இதே சிக்கல்: பாயைச் சுருட்டி அள்ளிய பின் கீழே இருப்பது சாம்பல் சேறு என்றால், அடுத்த பருவத்தில் ஆழி குஞ்சுகளே முதலில் வந்து குடியேறும்.

ஆகவே வரிசை முக்கியம். கசிவு நிற்காமல் சாம்பலை அள்ளுவது ஓட்டைப் பானையில் நீர் பிடிப்பது. அதன்பின் பகுதி பகுதியாக, கடல் வற்றும் நேரத்தின் ஓட்டம் பார்த்து, கிளம்பும் பொடி பரவாமல் திரை கட்டி அள்ள வேண்டும். அள்ளிய சாம்பலைக் கரையிலேயே மேடாக்கினால் அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே வரும். முகத்துவாரத்தில் எடுக்கும் சுத்தமான மணலைத் திட்டுகளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆறு ஏரியோடு இணைந்திருக்கிறது, எனவே தரை சரியானால் கிழங்கானைக் கொண்டுவந்து விட வேண்டிய தேவை இல்லை. அதன் முட்டைகள் நீரில் மிதப்பவை, குஞ்சுகளைக் கடலோட்டமே கொண்டுவரும்.

வேலை நடந்ததா என்று சோதிக்கும்போது தண்ணீர்க் குப்பியோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு திட்டிலும் தரையை ஒரு பிடி எடுத்து மூன்று விஷயம் பார்த்தால் போதும்: மணிகளின் பருமன் என்ன, கறுப்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் எத்தனை புழு, எவ்வளவு எடை. கடைசிக் கணக்கில் எடையை விட்டுவிடக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். இதை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரே இடங்களில் எடுக்க வேண்டும்.

அந்தக் குழுவில் ஆற்றில் தொழில் பார்த்தவர்கள் இருக்க வேண்டும் என்பேன், அதுவும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக அல்ல. காட்டுக்குப்பத்து மீனவரும் கைத்தடவலில் இறால் பிடித்த இருளரும் எந்தத் திட்டு எந்த ஆண்டில் கெட்டது என்று காலால் அறிந்தவர்கள். சல்லடைக்கு மண் எடுக்கும் முன்பு அவர்கள் அந்தத் திட்டின் மேல் வெறுங்காலோடு ஒருமுறை நடக்கட்டும். கால் மணலில் இறங்குகிறதா, வழுக்குகிறதா, ஓடு குத்துகிறதா என்று அறிக்கையின் முதல் பத்தியில் எழுதட்டும். பாதத்துக்கு அடியில் ஏதாவது நெளிந்தால் அதையும்.